இரண்டு புள்ளி வைத்த தொட்டிகள்

வடசேரிச் சந்தைக்குத் தெற்கே நாராயணபெருமாள் ஒரு பட்டறை நடத்தினார். அங்கே பம்ப் ஸ்டவ்வுக்கான பித்தளைத் தொட்டிகளைச் செய்தவர் கிளீட்டஸ். நான் யோவான். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் ரசாயன ஆய்வகத்தில் புட்டி கழுவுவது, தராசு துடைப்பது, மாணவர்களுக்கு அமிலம் அளந்து கொடுப்பது என் வேலை. 1950ஆம் வருஷம் ஆய்வகத்து ஸ்பிரிட் விளக்கு ஒன்று ஒழுக ஆரம்பித்தது. அதை ஒட்டவைக்கப் போனபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். விளக்கை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"இது கீழ விழுந்து பொட்டினது இல்ல சாரே. செஞ்ச அண்ணைக்கே இதுக்குள்ள நோவு இருந்திருக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒட்டித் தந்தார், ஆனால் இன்னொரு இடத்தில் கீறல் விடும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். நாலு மாதம் கழித்து அந்த இடத்தில்தான் விட்டது.

கிளீட்டஸ் மணக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். அப்பா கட்டுமரம் ஏறிக் கடலுக்குப் போனவர். யுத்தக் காலத்தில் ஆள் எடுக்க வந்தவர்களோடு வடக்கே போய், ஒரு தோட்டாத் தொழிற்சாலையில் ஐந்து வருஷம் இருந்தார். தட்டையான பித்தளை வில்லையை அமுக்கி அமுக்கித் தோட்டாக் கூடாக்குகிற பிரிவு அவருடையது. யுத்தம் முடிந்து ஆட்களைக் குறைத்தார்கள். 1947இல் ஒரு தகரப் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார். கடலுக்குப் போகக் கை வரவில்லை. குளோரியைக் கட்டிக்கொண்டு வடசேரியில் வாடகைக்குக் குடியேறினார்.

நாராயணபெருமாள் பட்டறையில் அப்போது திருகு பிரஸ் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வட்டமாக வெட்டிய தகட்டை அச்சின்மேல் வைத்து, இரண்டு பேர் பிரஸ்ஸின் கையைச் சுற்றி இறக்கினால் தகடு கிண்ணமாக உள்ளே இறங்கும். ஒரே அமுக்கில் ஆழம் கிடைக்காது. மூன்று அமுக்கு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முந்தியதைவிடக் குறுகிய அச்சு. கிளீட்டஸ் வருவதற்கு முன் ஐந்தில் ஒரு கிண்ணம் அடிமூலையில் கிழிந்துகொண்டிருந்தது. கிழிந்தால் தகடு விற்றவனைத் திட்டுவார்கள், பிரஸ் சுற்றியவனைத் திட்டுவார்கள், செவ்வாய்க்கிழமை என்பார்கள்.

அவர் யாரையும் திட்டவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற கவராயம் ஒன்றை வாங்கிவந்து, தகடு முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்களாகக் கீறினார். பிறகு அமுக்கச் சொன்னார். அமுக்கிய கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த வட்டங்களைப் பார்த்தார். அடித்தட்டில் வட்டம் வட்டமாகவே கிடந்தது. விளிம்பில் ஒடுங்கியிருந்தது. அடிமூலைக்குச் சற்று மேலே மட்டும் நீண்டிருந்தது.

"முட்ட மாதிரி நீண்டா தகடு பொறுக்கும். பலாக்கொட்ட மாதிரி நீண்டுதுன்னா அடுத்த அமுக்குல அங்கதான் வாய் பொளக்கும்" என்று எனக்குக் காட்டினார்.

அச்சின் கூரான விளிம்பை அரத்தால் ராவி உருட்டினார். தகட்டின் இருபுறமும் சவுக்காரமும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசினார். ஒவ்வொரு அமுக்குக்கும் இடையில் கிண்ணத்தை இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரியும்வரை காய்ச்சி ஆறவிட்டார். மூன்று மாதத்தில் கிழிவது அநேகமாக நின்றது. நாராயணபெருமாள் அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார். பட்டறையில் வேறு யாருக்கும் அது நடந்ததில்லை.

கிழிகிற தகட்டைப் பற்றி அவருக்குப் பயம் இல்லை. அது அந்த இடத்திலேயே, கண் முன்னால் கிழியும், எடுத்துப் போட்டுவிடலாம். அவர் பயந்தது கிழியாததைப் பற்றி.

"அமுக்கி வச்ச தகடு சும்மா இருக்கும்னு நெனைக்கியளா? மினுமினுன்னு கெடக்கும். உள்ளுக்குள்ள இழுத்துக்கிட்டே நிக்கும். ஒரு மாசம், ஒரு வருசம். மழக்காலம் வந்து மூத்திர வாட பட்டா ஒரு நாள் தானாப் பொளந்திரும்."

தோட்டாத் தொழிற்சாலையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். குதிரை லாயத்தை ஒட்டி அடுக்கிவைத்த தோட்டாக்கள் மழை மாதங்களில் யாரும் தொடாமலே பிளந்ததாக அங்கே பேசிக்கொள்வார்களாம். அதனால் கடைசி அமுக்கு முடிந்தபின் இன்னொரு சூடு காட்டுவார்கள். பழுக்கும் சூடு அல்ல. அப்படிக் காய்ச்சினால் தகடு இளகிவிடும். மெல்லிய சூடு, ஒரு மணி நேரம். அளக்கக் கருவி எதுவும் இல்லாததால் பட்டறையின் மண் அடுப்புக்குள் ஒரு ஓட்டுத்துண்டில் வெள்ளீயத் துணுக்கும் காரீயத் துணுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். வெள்ளீயம் உருக வேண்டும், காரீயம் உருகக் கூடாது. அந்த இடைவெளியில் மரத்தூள் போட்டுப்போட்டுத் தீயை நிறுத்துவார்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. அந்தச் சூட்டில் பித்தளை கறுத்துப் போகும். புளியும் சாம்பலும் போட்டு மறுபடி தேய்க்க வேண்டும். தேய்ப்பவர்கள் நாலு பெண்கள். குளோரியும் அதில் ஒருத்தி. கடைசிச் சூடு என்றால் அவர்களுக்கு இரண்டு மடங்கு வேலை.

1952 டிசம்பரில் மழை நிற்கவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன் அறுபது ஸ்டவ் வேண்டும் என்று ஒரு வியாபாரி சொல்லியிருந்தார். மரத்தூள் நனைந்து கிடந்தது. அடுப்பின் ஒரு பக்கம் கரைந்து சரிந்தது. தேய்க்கிற பெண்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். குளோரிக்கு ஏழு மாதம். கால் வீங்கி, குந்தி உட்கார முடியாமல் பலகை போட்டு உட்கார்ந்து தேய்த்தாள்.

நாராயணபெருமாள் வந்து நின்றார். "கடைசிச் சூடு இந்தத் தடவ வேண்டாம் வே. அப்பிடியே மூடி ஒட்டி அனுப்பிரு."

"அது ஆவாது அண்ணாச்சி."

"சூடு காட்டாத தொட்டி பொளந்து நீ கண்டிருக்கியா? வடக்க உள்ள கதைய விடு. இஞ்ச, நம்ம ஊருல?"

கிளீட்டஸ் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, "இஞ்ச கண்டதில்ல" என்றார்.

"பின்ன?"

அவர் வந்த நாளிலிருந்து சூடு காட்டாமல் ஒரு தொட்டிகூட வெளியே போனதில்லை, அதனால்தான் காணவில்லை. இதை அவர் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குளோரி பலகையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்ததாக என்னிடம் பிற்பாடு சொன்னார்.

அறுபது தொட்டிகளும் சூடு காட்டாமல் போயின. கூட மூன்று கிண்ணங்கள் மிச்சம். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோனார். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு தொட்டியின் அடியிலும், பட்டறை முத்திரைக்குப் பக்கத்தில், உளியால் இரண்டு புள்ளி வைத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் குளோரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது முடிந்த வாரம் கிளீட்டஸ் ஆய்வகத்துக்கு வந்தார். மிச்சக் கிண்ணங்களில் ஒன்று சாக்குத் துணியில் சுற்றிக் கையில் இருந்தது.

"பாதரச உப்பு கொஞ்சம் வேணும் சாரே. அதக் கரைச்ச தண்ணியில இதப் போட்டா, உள்ள நோவு இருக்கா இல்லியான்னு கால் மணிக்கூருல தெரிஞ்சிரும். அங்க அப்பிடித்தான் பாப்போம்."

பாதரச நைட்ரேட் அலமாரியில் இருந்தது. கொடிய விஷம், பேராசிரியர் கையெழுத்து இல்லாமல் வெளியே எடுக்கக் கூடாது. அதைச் சொன்னேன். அவர் போகவில்லை. கல்லூரி விட்டு மாணவர்கள் போகும்வரை வராந்தாவில் நின்றார். கடைசியில் நான்தான் இரங்கி ஒரு கண்ணாடித் தொட்டியில் கரைசல் போட்டேன். கிண்ணத்தை அமிலத்தில் கழுவி மெதுவாக இறக்கினார். அது சட்டென்று வெள்ளி பூசியதுபோல் வெளுத்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆறாவது நிமிஷம் 'டிக்' என்று ஒரு சத்தம். பல்லி கத்துகிற மாதிரி. பிறகு இன்னொன்று. விளிம்பிலிருந்து கீழே மயிரிழை போல ஒரு கீறல் இறங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகன்று, நகம் நுழைகிற அளவுக்கு வாய் திறந்தது. யாரும் தொடவில்லை. கண்ணாடித் தொட்டி ஆடவில்லை.

கிளீட்டஸ் கிண்ணத்தை வெளியே எடுத்து நாலு தண்ணீரில் கழுவினார். முகம் ஒருமாதிரி வற்றிப்போயிருந்தது.

"அறுபது" என்றார்.

மறுநாள் பட்டறைக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போனார். நான் உள்ளே போகவில்லை. வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பேசியது எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"வெசத்துல போட்டா எதுதான் பொளக்காது? அடுக்களையில ஆரும் வெசத்துல ஸ்டவ்வ முக்கப் போறாளா?"

"அண்ணாச்சி, மழ வாறதுக்கு முன்ன எல்லாத்தையும் திருப்பி வாங்கிரணும். நான் சூடு காட்டித் தாறேன்."

"எந்த வீட்டுல, எந்த ஊருலன்னு ஆரு தேடுவா? வாங்கினவன் என்ன சொல்லுவான்? வடசேரிப் பட்டறைச் சரக்கு வெடிக்கும்னு நாமளே தண்டோரா போடணுமா? போய் வேலையப் பாரு. இனிமே உள்ளதுக்கு நல்லாச் சூடு காட்டு. போனது போகட்டும்."

கிளீட்டஸ் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. எனக்குக் கல்லூரிக்கு நேரமாகியிருந்தது.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாரல் மாதங்கள் வந்து போயின. எங்கேயும் எதுவும் பிளந்ததாகத் தகவல் இல்லை. நான் மறந்தேபோனேன். அவர் மறக்கவில்லை என்று குளோரி பிறகு சொன்னாள். சந்தையில் யார் ஸ்டவ் கொண்டுபோனாலும் நிறுத்தி, தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுப்பாராம். அப்படி நாலு கிடைத்ததாம். நாலையும் தன் வீட்டிலிருந்த, சூடு காட்டிய தொட்டிகளைக் கொடுத்து மாற்றிக்கொண்டாராம்.

1953 நவம்பரில், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் கொட்டாரத்தில் அது நடந்தது. பகவதியம்மாளும் அவள் புருஷன் பகவதியப்பனும் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஆப்பக்கடை வைத்திருந்தார்கள். கடைக்குப் பின்னால் ஓலைச் சார்ப்பு; அதில் ஒரு பக்கம் மாடு, மறுபக்கம் விறகு. விறகு நனைந்துவிட்டால் மட்டும் ஸ்டவ்வை எடுப்பார்கள். மற்ற நாளில் அது மாட்டுச் சார்ப்பில் பலகைமேல் இருக்கும். அன்று பகவதியம்மாள் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பம்ப் அடித்தாள். தொட்டி விளிம்பிலிருந்து கீழ்வரை பிளந்தது. மண்ணெண்ணெய் பீய்ச்சி அவள் சேலையில் அடித்து, தீ அதிலேயே ஏறியது. பகவதியப்பன் ஓடிவந்து கையால் அணைத்தார், பிறகு நனைந்த சாக்கைப் போட்டார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து மூன்றாம் நாள் அவள் இறந்தாள்.

முந்தின நாள் சாயந்திரம் கடைவாசலில் இரண்டு பேருக்கும் சண்டை. அவளுடைய அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்பதுதான் சண்டை. தெருவே கேட்டிருந்தது. அவள் இறந்த அன்றே போலீஸ் பகவதியப்பனைக் கொண்டுபோனது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டு ஸ்டவ் வெடித்ததாகச் சொல்கிறான் என்று ஊர் பேசியது. கை இரண்டிலும் கட்டோடு அவர் லாக்கப்பில் இருந்தார்.

கிளீட்டஸுக்கு இது வடசேரி பஸ் ஸ்டாண்டில் காதில் விழுந்தது. யாரோ ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நேரே ஆய்வகத்துக்கு வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"அந்த உப்பு இன்னும் கொஞ்சம் வேணும் சாரே. ஸ்டேஷனுக்குப் போறேன்."

நான் அலமாரியைத் திறக்காமல் நின்றேன். அவரே சொன்னார்: "எங்க கெடைச்சுதுன்னு கேட்டா ஒங்க பேரு வராது."

நான் அதைக் கேட்கவில்லை. ஆனால் அவர் சொன்னதும்தான் என் கை அலமாரிக்குப் போனது.

ஸ்டேஷனில் நடந்ததை ஒரு கான்ஸ்டபிள் எனக்குப் பிற்பாடு சொன்னார். சப் இன்ஸ்பெக்டர் நெய்யாற்றின்கரை மலையாளி. மேஜையில் அந்த ஸ்டவ் கரி படிந்து இருந்தது. கிளீட்டஸ் அதைத் திருப்பி அடியைத் துடைத்தார். இரண்டு புள்ளி.

"எடோ, தான் ஆரு?" என்றாராம் சப் இன்ஸ்பெக்டர்.

"இந்தத் தொட்டிய அமுக்கினவன். இது அந்தம்மா புருசன் செஞ்சதில்ல. நான் செஞ்சது."

வீட்டிலிருந்து கொண்டுபோன இரண்டாவது கிண்ணத்தைக் கரைசலில் போட்டார். ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். முதல் ஐந்து நிமிஷம் ஆளுக்கொரு கிண்டல். பிறகு அந்தச் சத்தம் வந்தது. விளிம்பிலிருந்து கீறல் இறங்கியது. எரிந்த தொட்டியில் இருந்த பிளவும் அதே இடத்தில், அதே போக்கில், ஒரு நெளிசல்கூட இல்லாமல் இறங்கியிருந்தது. வெளியிலிருந்து அடிபட்டால் அப்படிப் பிளக்காது என்பதைச் சப் இன்ஸ்பெக்டர் தானே விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பகவதியப்பனை இரண்டு நாளில் விட்டார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகக் கிளீட்டஸ்மீது வழக்குப் போட்டார்கள்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நாராயணபெருமாள் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். சூடு காட்டுவது, காட்டாமல் விடுவது எல்லாம் கிளீட்டஸ் பொறுப்பு, தனக்கு அந்தத் தொழில் நுணுக்கம் தெரியாது, ஆபத்து உண்டு என்று அவன் ஒருநாளும் தன்னிடம் வந்து சொன்னதில்லை என்றார். பட்டறையில் இருந்த வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

கிளீட்டஸிடம் கேட்டார்கள். முதலாளியிடம் சொன்னதாகச் சொன்னார். சாட்சி உண்டா என்றார்கள்.

நான் அன்று கோர்ட்டில் இருந்தேன். கடைசி பெஞ்சில், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் தலையைத் திருப்பவில்லை. "இல்ல" என்றார். விஷ உப்பு எங்கே கிடைத்தது என்ற கேள்விக்கு, வடக்கேயிருந்து வரும்போது கொண்டுவந்தது என்று பதில் சொன்னார்.

அந்த நேரத்தில் நான் எழுந்திருந்தால் எனக்கு வேலை போயிருக்கும். பேராசிரியர் மன்னிக்கமாட்டார். வீட்டில் மனைவி ஞானபாயும் மூன்று பிள்ளைகளும். இதெல்லாம் உண்மை. நான் எழுந்திருக்கவில்லை என்பதும் உண்மை.

"தெரிந்தே அனுப்பினாயா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"தெரியும்" என்றார் கிளீட்டஸ். "புள்ளி வைக்கும்போதே தெரியும். நல்ல தொட்டிக்கு ஆராவது அடையாளம் வைப்பானா?"

அவருக்கு ஆறு மாதம் தண்டனை. முதலாளி மீது எதுவும் நிற்கவில்லை.

அவர் ஜெயிலில் இருந்தபோது ஞானபாய் குளோரிக்கு அரிசி கொண்டுகொடுக்கப் போனாள். குளோரி வாங்கவில்லை. "சார் வந்து குடுக்கட்டும்" என்றாளாம். நான் போகவில்லை. பட்டறையில் அவளை நிறுத்தியிருந்தார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து அந்த ஆறு மாதத்தை ஓட்டினாள்.

1954 ஆடியில் வெளியே வந்தார். அரையாள் ஆகியிருந்தார். எந்தப் பட்டறையும் சேர்த்துக்கொள்ளவில்லை. சந்தைக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் சாக்கு விரித்து, வாளிக்கும் குடத்துக்கும் ஒட்டுப் போட்டார். வாரத்தில் மூன்று நாள் அந்த வேலை. மீதி நாள் தொட்டி தேடப் போனார்.

வியாபாரியிடம் கேட்டு, அவர் ஞாபகத்தில் இருந்த கடைகளுக்குப் போய், கடைக்காரர்கள் சொன்ன வீடுகளுக்குப் போனார். தோளில் ஒரு சாக்குப்பை; அதில் நல்ல தொட்டிகள். அவற்றைத் தானே வீட்டில் தகடு வளைத்து, பிரஸ் இல்லாமல், ஒட்டிச் செய்திருந்தார். பார்க்க லட்சணமாக இருக்காது. பழையதை வாங்கிக்கொண்டு இதை மாட்டிக் கொடுப்பார். சிலர் கொடுத்தார்கள். சிலர் நாயை அவிழ்த்துவிட்டார்கள். கொட்டாரத்துப் பக்கம் ஒரு வீட்டில், கொலைகாரன் வாசலில் நிற்கிறான் என்று கதவைச் சாத்தினார்கள். இரணியலில் ஒரு தொட்டியை அடுக்களையிலிருந்து எடுத்தபோதே கீறல் விட்டிருந்தது. மண்ணெண்ணெய் கசிகிறதென்று அந்த வீட்டுக்காரி மெழுகு வைத்து அடைத்திருந்தாள். அதை மட்டும் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அப்போதுதான், வெளியே வந்த பிறகு முதல் தடவையாக, என் வீட்டுக்கு வந்தார்.

நான் அதைக் கையில் வாங்கினேன். "இன்னும் எத்தன கிளீட்டஸ்?"

"முப்பத்தொண்ணு கெடைக்கணும்."

அதற்கப்புறம் விடுமுறை நாட்களில் நானும் அவரோடு போனேன். அவர் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் படித்தவன் மாதிரி இருந்ததால் சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். அந்த அளவுக்கு நான் உதவினேன்.

பகவதியப்பனை ஒரே ஒரு தடவை சந்தித்தோம். 1955இல், வடசேரி புளியமரத்தடிக்கு அவரே வந்தார். விரல்கள் ஒட்டிப்போய்க் கை மூடித் திறக்க வராது. ஆப்பக்கடை போய்விட்டது, மகள் நாகம்மையைத் தங்கை வீட்டில் விட்டிருந்தார். சாக்கில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"நீரு வந்து சொல்லல்லன்னா எனக்குத் தூக்குதான். ஊரெல்லாம் அதச் சொல்லி, போய்ப் பாரும்னு சொல்லுகு. நானும் வந்தேன்."

கிளீட்டஸ் எழுந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கணும். பொளக்கும்னு ஒமக்கு எப்பத் தெரியும்? அவ செத்த பொறவா, முன்னமா?"

"முன்னமே."

"எத்தன நாளு முன்ன?"

"உறுதியாத் தெரிஞ்சு ஒம்பது மாசம்."

பகவதியப்பன் தலையை ஆட்டினார். ஏதோ கணக்குச் சரியாக வந்துவிட்டதுபோல் ஆட்டினார். "ஒம்பது மாசத்துல கொட்டாரத்துக்கு எத்தன பஸ்ஸு வந்திருக்கும்" என்றார். பிறகு திரும்பி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். கிளீட்டஸ் அன்று முழுக்க ஒரு வாளியையும் தொடவில்லை. வந்தவர்களிடம் நாளைக்கு வரச் சொன்னார்.

1956 நவம்பர் முதல் வாரம், எங்கள் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த சமயம், நாங்கள் இரண்டு பேரும் ஆரல்வாய்மொழிக்குப் போனோம். பஸ்ஸில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. காற்று வாடைக்குத் திரும்பியிருந்தது. கணவாயில் அது ஆளைத் தள்ளுகிற மாதிரி வீசியது. செல்லத்தாய் என்று ஒரு அம்மாள், தனியாக இருப்பவர், ஸ்டவ் வைத்திருப்பதாகத் தகவல்.

கிளீட்டஸ் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் கேட்டுவிட்டு உள்ளே போய் ஸ்டவ்வைக் கொண்டுவந்தார். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பொன்மாதிரி வைத்திருந்தார். அடியில் இரண்டு புள்ளி தேய்ந்து, தடவினால்தான் தெரிந்தது.

"நாலு வருசமா எரிக்கேன். ஒரு சொட்டு ஒழுகினதில்ல. இதக் குடுத்துட்டு ஒன் கோணத் தொட்டிய நான் வாங்கணுமா?"

"வாங்கிக்கிடணும் அம்மா."

"இது பொளக்கும்னு நீ சத்தியம் பண்ணுவியா?"

"பண்ண மாட்டேன். பொளக்காமயே கெடந்தாலும் கெடக்கும். எனக்குத் தெரியாது. தெரியாததுனாலதான் கேக்கேன்."

செல்லத்தாய் அவர் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, ஸ்டவ்வை நீட்டினார். கிளீட்டஸ் முற்றத்திலேயே தொட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டி, பம்ப் அடித்து, எரியவைத்துக் காட்டினார். பழையதை வெளியே ரோட்டோரம் கொண்டுபோய் ஒரு கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். அது நல்ல கெட்டியாக இருந்தது. எங்கேயும் கீறல் விடவில்லை. பத்துப் பன்னிரண்டு அடி வாங்கித்தான் நசுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, அந்த அறுபதில் எத்தனை இப்படிச் சும்மாவே கிடந்திருக்கும் என்று தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. தோவாளை தாண்டியதும் நான் சொன்னேன்:

"அண்ணைக்குக் கோர்ட்டுல நான் எந்திச்சுச் சொல்லியிருக்கணும் கிளீட்டஸ்."

அவர் சாக்குப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சாரே" என்றார். "சொல்லியிருக்கணும்."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. வடசேரியில் இறங்கி, நசுங்கிய தொட்டியைப் பழைய பித்தளை எடுக்கிறவனிடம் போட்டுவிட்டு, குழந்தைக்கு இருமல் என்று சந்தைக்குள் துளசி வாங்கப் போனார்.

அறுபதில் பதினொன்று இன்றுவரை கிடைக்கவில்லை. எந்த ஊரில், யார் அடுக்களையில் இருக்கின்றன என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போதும் மழை தொடங்கினால் அவர் வேலையை நிறுத்திவிட்டு அவற்றைத் தேடி ஊர் ஊராகப் போகிறார்.